மல்லிகை மணக்கும் கச்சாயம்

ஐப்பசி 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சமையலறைக் கொடியில் அப்பாவின் வேட்டி, அண்ணனின் காக்கிச் சட்டை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தச் சட்டையில் மில் எண்ணெய் வாசம் போவதில்லை. எனக்கு அது பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

அத்தர் போய்விட்டது. அம்மா எடுத்துக்கொண்டாள்.

நடந்ததை இன்றே எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு அம்மா சொல்வதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

அண்ணன் மில் வேலையாகப் பம்பாய் போனபோது எனக்கு வாங்கி வந்தது. சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, தக்கை மூடி. மல்லிகை அத்தர். விளக்கெண்ணெயைப் போலக் கெட்டி. குளித்த பிறகு தீக்குச்சி முனையில் தொட்டுக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு. அவ்வளவுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நான் எங்கே போகிறேன்? வெள்ளிக்கிழமை கோயில், மற்ற நாள் கொல்லைப்புறம். அந்த மணம் எனக்கு மட்டும். காப்பிக்கொட்டை வறுக்கும்போது, சாம்பிராணி போடும்போது, நடுவில் ஓர் இழை மல்லிகை. யாரோ வந்த மாதிரி திரும்பிப் பார்ப்பேன்.

யாரோ வந்த மாதிரி என்றுதான் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்காவும் சொன்னாள். உறைமோர் வாங்க வந்தவள், வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏனக்கா, ஊட்டுக்கு ஆராச்சும் வந்துட்டுப் போனாங்களா? சென்ட்டு வாசம் ஆளத் தூக்குது."

"ஒருத்தரும் வரலயே" என்றாள் அம்மா.

"அப்ப நம்ம அம்மணிதானாக்கு. கண்ணாலத்துக்கு முன்னாலயே சென்ட்டா? எனக்கொண்ணுமில்ல. அக்கம்பக்கம் என்ன சொல்லும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அக்கம்பக்கம் என்றால் அவள்தான். எங்களுக்கு மறுபக்கம் காலி மனை.

அவள் போனதும் அம்மா கையை நீட்டினாள். "குடு."

கொடுத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் இன்னும் எரிகிறது.

ஐப்பசி 5, சனி

மழை இல்லை. தலைக்குத் தேய்க்க அரப்பு இடித்தேன். கண்ணெல்லாம் தூள்.

குப்பியைத் தேடிய இடங்கள்: பீரோ (பூட்டியிருக்கிறது), சாமி அலமாரி, அப்பாவின் ட்ரங்குப் பெட்டி, அஞ்சறைப்பெட்டி. அஞ்சறைப்பெட்டியில் சோம்பு வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். குப்பி இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"போச்சாது உடு அம்மணி. அடுத்தவாட்டி வேற வாங்கியாறேன்."

எனக்கு அடுத்தவாட்டி வேண்டாம். என்னுடையது வேண்டும். அவன் சோற்றைப் பிசைகிற சத்தத்தில் இதை எப்படிச் சொல்வது?

இன்னொரு செய்தி. தீபாவளி முடிந்து வரும் ஞாயிறு உடுமலைப்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். தென்னந்தோப்புக்காரர்கள். முதலில் பையனின் அம்மாவும் பெரியம்மாவும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"வாய் தொறக்காத புள்ளைன்னு சொல்லியுட்டிருக்கறனுங்க. அதைவிட என்னங்க சீர் வேணும்?"

ஐப்பசி 9, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நாளைக்குத் தீபாவளி நோம்பி. இன்று கச்சாயம் சுட வேண்டும். காலையில் பச்சரிசி டின்னைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு நாலைந்து நாளாக மூக்கடைப்பு. நொச்சித்தழை ஆவி பிடித்துவிட்டு, முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கம்மா, அரிசி மணக்குதுங்க."

"பச்சரிசின்னா மணக்காதா?"

"மல்லிகைங்க."

"எந்நேரமும் சென்ட்டு நெனப்பு. அரிசியப் போயிக் கழுவு."

கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். எண்ணெய் தண்ணீருக்குப் போகுமா? ஊறவைத்தேன். ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினேன். குழவியைச் சுற்றச் சுற்ற அது என் முகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. வெல்லம் போட்டேன், ஏலக்காய் போட்டேன், அடங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். என் குரல் ஒரு தடவைக்கு மேல் வராது.

சாயங்காலம் வாணலி வைத்தாள் அம்மா. முதல் கரண்டி மாவு எண்ணெயில் விழுந்தது. முதலில் கடலை எண்ணெய் வாசம், அப்புறம் வெல்லம் கருகுகிற வாசம், அப்புறம் ஏலக்காய். இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மல்லிகை வந்தது. ஒரு கூடைப் பூவைக் கொதிக்கிற எண்ணெயில் கொட்டிய மாதிரி. உண்மையைச் சொன்னால், அப்படியொரு வாசத்தை என் ஆயுசில் முகர்ந்ததில்லை. நெஞ்சு நிறைய இழுத்தேன்.

கூடத்திலிருந்து அப்பா எழுந்து வந்தார். "என்ன இது, கண்ணால ஊடாட்ட மணக்குது?"

அடைத்த மூக்குக்கும் அது எட்டிவிட்டது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். குப்பி வந்தது. தக்கை தனியாக வந்தது. குப்பியில் ஒன்றும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒளித்து வைத்தது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தெய்வானை அக்கா: "ஏனக்கா, இப்ப பலகாரத்துக்குமா சென்ட்டு?"

"எல்லாம் இந்தப் புள்ளை செஞ்ச கூத்து" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து. "அரிசிக்குள்ள கொண்டுபோயி ஒளிச்சு வெச்சிருக்குது பாரு."

அப்பா பக்கத்தில் நின்றார். அண்ணன் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். எல்லாருக்கும் கேட்டது.

அத்தர் போனது கூடப் பரவாயில்லை. இது பரவாயில்லை இல்லை.

ஐப்பசி 10, வியாழன். தீபாவளி

எண்ணெய் ஸ்நானம், புதுப் பாவாடை. மழை விட்டுவிட்டு. பட்டாசு நமத்துப்போய்ப் பாதி வெடிக்கவில்லை. சந்தோஷம்.

கச்சாயத்தை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் கோபம். அண்ணன் தின்றுகொண்டே போகிறான். "சென்ட்டுக் கச்சாயம், சென்ட்டுக் கச்சாயம்" என்று தெருவுக்கே சொல்கிறான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

அப்பா கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்துச் சொன்னார். "ஒளிச்சு வெக்கற பழக்கம் ஆகாது அம்மணி. நாளைக்குப் போற ஊட்ல நம்மளைத்தான் சொல்லுவாங்க."

நின்றேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்தது. இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நினைத்தேன். கறிவேப்பிலையைப் போட்டாள்.

குளியலறையில் சொல்லிப் பார்த்தவை:
நான் வைக்கலீங்கப்பா.
அம்மாவைக் கேளுங்க.
எனக்கு அரிசி டின்னு எட்டவே எட்டாது. (பொய். எட்டும்.)
நான் வைக்கலீங்கப்பா.

வெளியே வந்ததும் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் அம்மா என் தோசைக்கு மட்டும் இரண்டு கரண்டி நெய் விட்டாள். முருங்கையிலை போட்டு உருக்கிய புது நெய். வாசலில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு வருகிற மணம். எனக்குத் தெரியாதா, அது எதற்கு விட்ட நெய் என்று. தின்னவில்லை. எழுந்து போனேன். ஆறிய பிறகு வந்து தின்றேன். அதற்காக என் மேலும் கோபம்.

ஐப்பசி 12, சனி

நாளைக்கு வர வேண்டியவர்கள் இன்றே வந்துவிட்டார்கள். உக்கடத்தில் ஒரு துக்கம் விசாரிக்க வந்தார்களாம், அப்படியே நம் வீட்டுக்கும். அம்மா நாளைக் காலையில்தான் ரவைலாடு பிடிப்பதாக இருந்தாள். வீட்டில் இனிப்பு என்றால் கச்சாயம் மட்டும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வெறும் முறுக்கை வைக்க முடியுமா? வைத்தாள். முறுக்குக்குப் பக்கத்தில் அதே கச்சாயம்.

பையனின் அம்மா பெரிய உடம்பு, சிவப்புக்கல் மூக்குத்தி, வெற்றிலை வாசம். பெரியம்மா ஒல்லி, பேசவில்லை. நான் காப்பி வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

பையனின் அம்மா ஒரு வாய் கடித்தார். மென்றார். கையில் இருந்ததை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதென்ன இப்படிக் கமகமங்குது? எங்கூர்ப் பக்கம் இதைக் கண்டதில்லீங்க."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எல்லாம் எம்புள்ளை பக்குவமுங்க. மல்லிகைப்பூவ ராத்திரி பூராத் தண்ணில போட்டு, அந்தத் தண்ணில அரிசிய ஊற வெச்சுதுங்க. நாஞ் சொல்லிக் குடுக்கல. அதுவாச் செய்யுதுங்க."

புதன்கிழமை கூத்து. சனிக்கிழமை பக்குவம். இரண்டிலும் நான் இல்லை.

திட்டியபோது வந்ததைவிடப் பெரிய கோபம் புகழ்ந்தபோது வந்தது. காது இரண்டும் கொதித்தது.

"அப்பிடின்னா நிச்சயத்துக்கு இதையேதான் செய்யோணும்" என்றார் பையனின் அம்மா. "எங்க சனம் பூராவும் திங்கோணும். எத்தனை பூவு போட்ட கண்ணு?"

என்னைத்தான் கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவும்.

"பூப் போடலீங்க" என்றேன்.

அம்மா லேசாக இருமினாள்.

"அத்தருங்க. எங்கண்ணன் எனக்கு வாங்கியாந்தது. அம்மா புடுங்கி அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. தக்கை கழண்டுபோச்சு. நான் ஒளிக்கலீங்க."

கடைசி வார்த்தையை அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். குரல் உடைந்தது, ஆனால் வந்தது.

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறேதாவதா, தெரியவில்லை. பையனின் அம்மா கையில் மீதியிருந்த கச்சாயத்தைப் பார்த்தார். தட்டில் வைத்தார்.

"வாய் தொறக்காத புள்ளைன்னாங்களே."

"தொறக்கறதில்லீங்க" என்றேன்.

காப்பியைக் குடித்தார்கள். "சொல்லியுடறமுங்க" என்று எழுந்தார்கள். பெரியம்மா மட்டும் படி இறங்கும்போது திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார்.

ஐப்பசி 14, திங்கள்

வெயில். துணியெல்லாம் ஒரே வேளையில் காய்ந்துவிட்டது.

உ.பேட்டையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பாத்திரத்தை எனக்குக் கேட்கும்படி வைக்கிறாள்.

காலையில் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், இலையைப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்டார்: "ஒளிச்சு வெச்சது நீயா?"

நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அம்மா குழம்பை ஊற்றினாள். ரொம்ப நேரம் ஊற்றினாள்.

"ஆமாங்க."

அப்பா சாப்பிட்டார். என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டது அந்த ஒரு "ஆமாங்க"தான், கிடைத்துவிட்டது. கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உட்கார்ந்திருக்கிறது.

மத்தியானம் அம்மா அரிசி டின்னைக் காட்டிச் சுவரிடம் சொன்னாள்: "மிச்சத்தைப் பால்காரம்மா எருமைக்குக் கொட்டச் சொல்லு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். எருமை மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது, அப்புறம் தின்றது.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கைப்பிடி எடுத்துப் பழைய ரவிக்கைத் துணியில் முடிந்து என் பெட்டிக்குள், புதுப் பாவாடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூடியைத் தூக்கினால் மணக்கிறது. அம்மாவுக்கு மூக்கடைப்பு சரியாகிவிட்டது. இன்றோ நாளையோ கண்டுபிடித்துவிடுவாள்.

கேட்கட்டும். இது நான் வைத்தது.