செல்வியின் நிறம்

ஜூன் 10, ஞாயிறு

காலையிலேயே சுள்ளென்று வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தை வரிசையில் வைத்ததோடு சரி.

போட்டோ வகுப்பில் நோட்டு வாங்கச் சொன்னார் மேடம். எடுத்த படம், வெளிச்சம் எந்தப் பக்கம், அப்போது மனசில் என்ன, எல்லாம் எழுதணுமாம். நான் ஏழாவது வரைதான். பிழை இருந்தால் இருக்கட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

மேடம் பேர் நஸ்ரீன். கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர். என்னைவிடச் சின்னவர். எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் தையலுக்குப் பேர் கொடுத்தார்கள். நான் போட்டோ என்றேன். "உனக்கு இன்னாத்துக்குக்கா போட்டோ?" என்று சிரித்தார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழ ஆரம்பித்திருப்பார்கள். அது இன்னும் கஷ்டம்.

சாயங்காலம் அஸ்தினாபுரத்திலிருந்து நாத்தனார் வசந்தா. கையில் பேப்பர் சுற்றிய ஃப்ரேம். ஸ்டுடியோவில் பெரிசு பண்ணக் கொடுத்த செல்வி படம்.

பிரித்தேன். ரோஸ் முகம். பட்டுப்புடவை, காசுமாலை. எவளோ ஒருத்தியின் உடம்பு, அதற்கு மேல் என் மகளின் தலை. செல்வி பட்டு கட்டியதே இல்லை.

"லட்சணமா கீறா பாரு அண்ணி. நல்லா வெளுத்துக் குடுத்துட்டாரு."

"யாரு இது?"

"இன்னா அண்ணி, நம்ம செல்வி."

"இல்ல."

இவர் டீயைக் குடித்துவிட்டு லுங்கியை உதறிக்கொண்டு வெளியே போனார்.

காய்ச்சலில் போன பெண்ணுக்கு ஜூலை 6 வருஷம். அன்றைக்குப் படம் மாட்டி மாலை போடணும். இதை மாட்ட மாட்டேன். சுவர் பக்கம் திருப்பி வைத்தாயிற்று.

ஜூன் 12, செவ்வாய்

லாரி வந்தது. மூன்று குடம்தான் கிடைத்தது, சண்டை போட்டு.

வகுப்புக்கு ஒரே கேமரா. ஆளுக்கு ரெண்டு நாள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். இன்று என் முறை. படத்துக்கு உட்கார யாரும் கிடைக்கவில்லை, அதனால் என் இடது கையையே எடுத்தேன்.

வாசல், உச்சி வெயில்: கை பாதி வெள்ளை, பாதி இருட்டு. நன்றாக இல்லை.

ஃப்ளாஷ்: எண்ணெய் வழிகிற மாதிரி. சீ.

சன்னல் ஓரம், நாலு மணி, வெளிச்சம் பக்கவாட்டில்: அப்பா! ரோமம்கூடத் தெரிகிறது. கருப்புக்குள் சிவப்பு, அதற்குள் மஞ்சள். என் கை இவ்வளவு அழகா?

செல்விக்கு என் நிறம். அச்சு அசல்.

பக்கத்து வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். "சோறு பொங்கலியாக்கா? கைய போட்டோ புடிச்சிகினு குந்தினு கீற."

"பொங்கிட்டேன். இந்தக் கையாலதான்."

செல்வி கேமராவைக் கண்டால் ஓடுவாள். "நான் கரிக்கட்டையா விழுவேம்மா." சொந்தக்காரர்கள் கரிக்கட்டை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி. அவள் முகம் தெளிவாக இருப்பது ஒரே படத்தில். அவள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியது. அதன் இன்னொரு காப்பியைத்தான் வசந்தா ஸ்டுடியோவுக்குக் கொடுத்தாள்.

ஜூன் 17, ஞாயிறு

வகுப்பில் இன்று விமர்சனம். ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் கரும்பலகையில் ஒட்டணும். மற்றவர்கள் நல்லது கெட்டது சொல்லணும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் திவ்யா. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மேடவாக்கம் ஃப்ளாட், சொந்தக் கேமரா. அவள் படம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடை. பின்னால் சூரியன், முன்னால் பூ விற்கிறவள் வெறும் கருப்பு உருவம். எல்லோரும் சூப்பர் என்றார்கள்.

நான் கேட்டேன். "பூக்காரம்மாவுக்கு மூஞ்சி எங்க?"

திவ்யாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வேணும்னேதான் ஆன்ட்டி அப்படி எடுத்தேன். ஸ்டைல்."

"அந்தம்மா கிட்ட கேட்டியா, மூஞ்சி வேணாமான்னு?"

மேடம், "படத்துல தப்பு இல்ல. அக்கா கேள்வியும் தப்பில்ல," என்றார். ரெண்டு பக்கமும் தலையாட்டல். எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது நான். மறுநாள் எடுத்த படம்: சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் என் கை.

திவ்யா குதித்தாள். "என்னை சொன்னீங்களே ஆன்ட்டி! உங்க கையே கரித்துண்டா விழுந்திருக்கு."

எல்லோரும் சிரிப்பு. காது சூடாகிவிட்டது. ஆனால் அவள் சொன்னது நிஜம். கரித்துண்டுதான்.

மேடம் விளக்கினார். வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமரா ஏமாந்துவிடுமாம். வெளிச்சம் ரொம்ப அதிகம் என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடுமாம். பின்னால் இருட்டான துணி போடணும். இல்லாவிட்டால் கூட்டல் குறி பட்டனை அழுத்தி வெளிச்சம் கூட்டணும்.

"கூட்டுனா வெளுத்துடாதா மேடம்?"

"வெளுக்கிறது வேற, வெளிச்சம் குடுக்கிறது வேறக்கா."

"வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"நெசத்தைப் பக்கத்துல வெச்சிப் பாருங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனை. குரோம்பேட்டையில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்.

ஜூன் 20, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. கேமரா கையில்.

அடையாள அட்டையை உறையிலிருந்து எடுத்தேன். செல்வி படம் கட்டைவிரல் அளவு. தோள் மேல் கம்பெனி முத்திரை.

ஃப்ளாஷ் போட்டு: நெற்றியில் வெள்ளைப் பொட்டு. டியூப் லைட்: குறுக்கே கோடு. அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி.

பழுப்புக் கம்பளியைத் தரையில் விரித்து, அதன்மேல் அட்டை. கதவை முழுக்கத் திறந்தேன். ஒரு பக்கம் வெளிச்சம் வந்தது, மறு பக்கம் இருட்டு. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஏதாவது வெள்ளையாக வேண்டும். வெள்ளைப் போர்வை இருக்கிறது, பிடிக்க ஆளில்லை.

இவர் தான் ஓட்டும் லோடு லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். "இத்த புடிங்க," என்றேன். பிடித்தார்.

"எவ்ளோ நேரம்?"

"சோறு ஆறாது, புடிங்க."

என் கையை அட்டைக்குப் பக்கத்திலேயே வைத்து எடுத்தேன். நெசம் பக்கத்தில் இருக்கணுமே. நிறம் சரியா என்று பார்த்துக்கொண்டு பிறகு படத்திலிருந்து கையை வெட்டிவிடலாம்.

இவர் குனிந்து கேமராவில் பார்த்தார். ரொம்ப நேரம். "அவதான்," என்றார். போர்வை கையிலிருந்து நழுவிவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. சோறு ஆறித்தான் போனது.

ஜூன் 28, வியாழன்

தாம்பரம் கலர் லேப். பெரிய சைஸ் பிரிண்ட் கேட்டேன். வந்தது. செல்வியும் வெளுப்பு, என் கையும் வெளுப்பு.

"இன்னா சார் இது?"

"மெசின் தானா பண்றதும்மா. மூஞ்சின்னு தெரிஞ்சா பளிச்சுனு ஆக்கிரும்."

கவுன்டர் மேல் என் கையை வைத்தேன். "படத்துல கீற கை இந்தக் கைதான். ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் போடுங்க."

"அல்லாரும் வெள்ளையா கேப்பாங்க. நீ இன்னாம்மா கருப்பா கேக்குற?"

"கருப்பா கேக்கல. என் பொண்ணைக் கேக்குறேன்."

உள்ளே போனார். அடுத்ததும் சரியில்லை. அதற்கு அடுத்தது வந்தபோது அவரே என் கையைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "இப்போ?"

இப்போது சரி. கொஞ்சம் கலங்கல். ஆனால் அவள்.

ஜூலை 1, ஞாயிறு

காற்று. கொடித்துணி எல்லாம் தெருவில்.

படத்தைக் கரும்பலகையில் ஒட்டினேன். யார் என்று சொன்னேன். "இன்னா, கெட்டது சொல்லுங்க," என்றேன்.

மேடம் மெதுவாக: "முகம் சின்னது, கை பெருசு. கண்ணு கைக்குத்தான் போகுது. வெட்டிடலாம்க்கா."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திவ்யா எழுந்து போய் ஒரு பேப்பரால் கையை மறைத்தாள். எடுத்தாள். மறுபடி மறைத்தாள்.

"கை போனா இவங்க எந்தக் கலர்னு யாருக்கும் தெரியாது ஆன்ட்டி. யார் வேணா வெளுப்பாங்க. வெட்டாதீங்க."

ஆன்ட்டி என்று கூப்பிடுவது எரிச்சல்தான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் தெரியும்.

ஜூலை 6, வெள்ளி

வருஷம். விடிகாலை தூறல், பிறகு பளிச். கேமரா என் முறை.

வடை, பாயசம், முருங்கைக்கீரை, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. கருவாடு கூடாது என்றார்கள். வைத்தேன்.

ரோஸ் படத்தைக் கழற்றிவிட்டு அதே ஃப்ரேமில் நான் எடுத்த படம். அந்தப் புடவைக்காரி யார் வீட்டுப் பெண்ணோ, கிழிக்க மனசில்லை. பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

வசந்தா பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி! உசுரோட கீறவ கையும் சேத்து மாலை போடுவாங்களா? உனக்கு ஆகாது. வெட்டிடு."

"ஆகாதது எல்லாம் ஆயாச்சு வசந்தா."

"ஊரு இன்னா பேசும்?"

"கருவாச்சின்னு பேசின ஊருதான? பேசட்டும்."

இவரைப் பார்த்தாள். "அண்ணா, நீயாவது சொல்லேன்."

இவர் ஆணியை வாயில் கவ்வியிருந்தார். ஸ்டூல் மேல் ஏறி அடித்தார்.

மாலை கொஞ்சம் நீளம். செல்வியைச் சுற்றி வந்து என் விரல் மேலும் விழுந்தது. வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கேமராவை எடுத்தேன். கதவு திறந்தபடி. வெளிச்சம் இடது பக்கம். ஃப்ளாஷ் இல்லை.