அணைக்குச் சம்மதம் என்று நான் வைத்த ஐந்து கையெழுத்துகள்

அனுப்புபவர்:
திருமதி பி. நாகலெட்சுமி,
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
4ஆம் இலக்க லயம், 7ஆம் காம்பரா,
எல்பர்ன் தோட்டம், கீழ்ப்பிரிவு,
நோர்வூட்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: கறுப்பன்கல் ஓயா அணைக்கட்டுக்காக 2026.01.24 அன்று பெறப்பட்ட சம்மதப் பத்திரத்தை இரத்துச் செய்து, மார்ச் 2ஆம் திகதி தொடங்கவிருக்கும் பாறை வெடிப்பை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில் பத்தொன்பது வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறேன். எங்கள் லயத்துக்கு மேலே, பத்து நிமிட நடைத் தூரத்தில், கறுப்பன்கல் ஓயா ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டப் போகிறார்கள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் இருக்கின்றன. இம்மனுவில் நான் செய்த ஒரு குற்றத்தையும் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்தருளவும்.

2. அணை வேண்டுமா வேண்டாமா என்று ஆறு மாதமாக நோர்வூட் கடைத்தெருவிலும் எங்கள் கோயிலடியிலும் ஓயாத வாய்ச்சண்டை. வேண்டும் என்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அணை வந்தால் பாதை அகலமாகும், இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும், லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். என் கணவர் பிரதாப்பும் அந்தப் பக்கம்தான். இதனால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லாமல் இருந்தது. நான் அதிகம் படித்தவளில்லை. அணையே கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. வெடியை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

3. சென்ற நவம்பரில் மண் பரிசோதிக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் எங்கள் மேட்டில் நான்கு இடத்தில் துளையிட்டார்கள். அதன்பின் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் மூன்று நாள் செம்மண்ணாக வந்தது. இப்போது பாதித் தண்ணீர்கூட வருவதில்லை. லயத்தின் பின்மேட்டில் ஒரு பிளவு விழுந்திருக்கிறது. என் காம்பராவுக்கு அடுத்த வீட்டு வேலாயிதான் அதை முதலில் கண்டவள். அன்று அவளுடைய விரல் நுழைந்தது. இன்று என் கை முழங்கைவரை போகிறது. துளை போட்டதற்கே இப்படி என்றால், பாறைக்கு வெடி வைத்தால் அந்த மேடு எங்கே வந்து நிற்கும்? மழை பிடித்தால் போதும், அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

4. ஜனவரி 24ஆம் திகதி பெரட்டுக் களத்தில், அதாவது நாங்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், கம்பெனி ஒரு கூட்டம் வைத்தது. கம்பெனியின் பெரிய துரை ஒருவர் சிங்களத்தில் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். அதைத் தமிழில் சொல்ல வந்த தம்பி, “அணை வரும், வீடு வரும், வேலை வரும், பயப்பட ஒண்ணுமில்ல” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். கடைசியில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒரு காகிதத்தோடு வந்து, “கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு இன்னைக்கு முழுப் பேரு. வரிசையா வந்து கையெழுத்த வைங்க” என்றார். பேர் விழுந்தால்தான் எங்களுக்கு அன்றைய சம்பளம். எனவே மறுபேச்சில்லாமல் வைத்தோம்.

5. இனி என் குற்றம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலில் கிடப்பவளின் பேரைப் பக்கத்துக் காம்பராக்காரி பெரட்டில் கொடுத்துவிடுவாள். கணக்கப்பிள்ளையும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். எனக்கும் மற்றவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அன்று வேலாயிக்குச் சளிக்காய்ச்சல். மீனம்மா டிக்கோயா ஆஸ்பத்திரியில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். சுதர்ஷினி, பிரேமினி, அழகம்மா ஆகியோரும் வரவில்லை. பாவம், பேர் போய்விடுமே என்று ஐந்து பேருக்கும் நானே எழுதிக் கையெழுத்து வைத்தேன். உதவி செய்துவிட்டதாகச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன், ஐயா.

6. பெப்ரவரி 9ஆம் திகதி அதே களத்தில் வெடி வைக்கும் திகதியை ஒட்டினார்கள். பக்கத்திலேயே நாங்கள் கையெழுத்து வைத்த காகிதத்தின் பிரதியும் இருந்தது. அது சிங்களத்தில் இருந்தது. எனக்குக் கடையில் சாமான் கேட்கும் அளவுக்குத்தான் சிங்களம் வரும், வாசிக்கத் தெரியாது. கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டுபோய் நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் பைஸர் நானாவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். “இது கூட்டத்துக்கு வந்தவங்கட பேரு இல்ல. வெடி வைக்க எங்களுக்குச் சம்மதம், நட்டம் வந்தாலும் கேக்க மாட்டோம்ண்டு எழுதியிருக்கு. நான் அணை வேணும்ண்டு சொல்ற ஆள்தான். ஆனா இப்பிடிக் கையெழுத்து எடுக்கிறது சரியில்ல” என்றார். நான் கடையிலிருந்து நேரே வேலாயியின் காம்பராவுக்குப் போனேன்.

7. அணை வேண்டாம் என்று எங்கள் லயத்தில் சத்தமாகச் சொன்னவள் வேலாயி ஒருத்திதான். அவளுடைய பேரைச் சம்மதப் பத்திரத்தில் எழுதியவள் நான். விடயத்தைச் சொன்னபோது, “எம் பேர நீ ஏன்டி போட்ட? மேடு சரிஞ்சா எம் புள்ளைகளையும் நீதான் தோண்டி எடுப்பியா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

8. வேலாயிக்கு எழுதத் தெரியாது. எப்போதும் பெருவிரல் அடையாளம்தான் வைப்பாள். ஆனால் பத்திரத்தில் 17ஆவது வரியில் அவளுடைய பேர் எழுத்தில் இருக்கிறது. 18 முதல் 21 வரையான வரிகளும் என் எழுத்தே. இம்மனுவையும் நானே என் கைப்பட எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ஐந்து கையெழுத்துகள் பொய்யாக இருக்கும் பத்திரத்தை வைத்துக்கொண்டு எப்படி வெடி வைக்கலாம்?

9. “நீயாப் போயி மாட்டிக்காத. புடிச்சு மறியல்ல அடைச்சிருவாங்க, வேலையும் போகும், காம்பராவும் போகும்” என்று என் கணவர் தடுக்கிறார். அவர் சொல்வது நடக்கலாம். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மேட்டைப் பார்க்கும்போது வரும் பயம் அதைவிடப் பெரியது.

ஆகவே, அந்தச் சம்மதப் பத்திரத்தை இரத்துச் செய்யுமாறும், மார்ச் 2ஆம் திகதிக்கு முன்னர் மண்சரிவு பரிசோதிக்கும் அதிகாரிகளை அனுப்பி அந்தப் பிளவைப் பார்க்கச் செய்யுமாறும், அதுவரை வெடி வைப்பதைத் தடுக்குமாறும், கூட்டத்தை மறுபடி முழுதாகத் தமிழில் நடத்துமாறும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பொய்க் கையெழுத்துக்கான விசாரணைக்கு எந்த நாளில் கூப்பிட்டாலும் வருவேன்.

இம்மனுவில் லயத்தார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், காகிதத்தைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டார்கள். இனி எந்தக் காகிதத்தையும் தொட மாட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனவே முப்பத்தொரு குடும்பங்களின் உயிருக்காக எழுதிய இந்த மனுவில், தாங்கள் ஒரேயொரு கையெழுத்தைத்தான் காண்பீர்கள்.

தங்கள் பதிலுக்காகப் பயத்துடன் காத்திருக்கும்,

பி. நாகலெட்சுமி
(எனக்காக மட்டும்)

இடம்: எல்பர்ன் தோட்டம், கீழ்ப்பிரிவு
திகதி: 2026.02.11