அடுப்பு மூட்டாத வியாழக்கிழமைகள்

என் மன்னிக்கு,

உன்னோடு சண்டை போடாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. மீனு போகிற பயிற்சிப் பள்ளியில், மற்ற அம்மாக்கள் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். உனக்குக் கடிதம் எழுதத்தான் எனக்குத் தெரியும்.

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன். மீனு சாப்பிட்டாள். இன்றைக்கும் ஏழரைக்கு, மூன்று தோசை.

உன் பெண்ணுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்த ஏழரை மணிக்கு நாம் எவ்வளவு பயந்திருக்கிறோம். பத்து வயசில் ஒரு நாள், காஸ் தீர்ந்து தோசை தாமதமானதற்கு, சுவரில் மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் நம் வீடு இருந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நீ வியாழக்கிழமை காலையில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாய். வேண்டுதல் என்றாய். பள்ளியில் அவளுக்குப் படம் காட்டித்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பல் தேய்க்கிற படம், குளிக்கிற படம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அட்டையை டப்பாவில் போட்டு, முடிந்தது என்பதற்கு மலையாளத்தில் "கழிஞ்ஞு" என்பாள். நீயும் இரண்டு அட்டை செய்தாய். ஒன்றில் எரியாத அடுப்பு. இன்னொன்றில் அடுத்த தெரு சீதா மாமி வீட்டு வாசல். கையில் தட்டைக் கொடுத்து அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனாய்.

முதல் வியாழக்கிழமை அவள் தரையில் விழுந்து அலறியது வலியசாலை அக்ரஹாரம் முழுக்கக் கேட்டது. நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அடுப்பைத் தொடவில்லை. நான்காவது வாரம் பொறுக்க முடியாமல் நான் மூட்டிவிட்டேன். மூன்று நாள் என்னோடு நீ பேசவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமையும் நீ மூட்டவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமையும்.

"திங்கக்கிழமையும் அதே சாமியா, இல்ல வேறயா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வாய் மாத்திரம் கொறையல்லே கோமதி."

"வெளியிலதான் சாப்பிடணும்னா எதிராத்துல ரெண்டு தோசை வார்த்துத் தர மாட்டாளா? எதுக்கு அடுத்த தெரு?"

நீ தட்டை எடுத்து மீனு கையில் கொடுத்தாய். கல்நெஞ்சக்காரி என்று உன் காதுபடவே அண்ணாவிடம் சொன்னேன். "அவ பொண்ணு, அவ பாத்துப்பா" என்றுவிட்டு அண்ணா வேலைக்குக் கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன சொல்லியிருந்தார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

நீ போனது ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை. கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தோம். வீடு கொள்ளாத கூட்டம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. உன்னை எடுக்கிற வரைக்கும் நம் தெருவில் எந்த வீட்டிலும் மூட்ட மாட்டார்கள். மணி ஏழே கால். உனக்காக அழக்கூட முடியவில்லை மன்னி. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனு சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பார்த்தாள். சுவர் ஆணியில் மாட்டியிருந்த சீதா மாமி வாசல் அட்டையை எடுத்தாள். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உன் கால்மாட்டு வழியாக, அத்தனை பேருக்கும் நடுவே வெளியே நடந்தாள்.

"பெத்தவ கெடக்கா, தட்டைத் தூக்கிண்டு போறதைப் பாரு" என்றாள் ஒருத்தி.

நான் பின்னாலேயே ஓடினேன். சீதா மாமி கல்லைப் போட்டுக் காத்திருந்தாள்.

"வா மோளே, உக்காரு" என்று அவளுக்குத் தோசையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷப் பாடம், கேட்டியோ. தான் போற அன்னிக்கு ஒங்க தெருவுல ஒரு அடுப்பும் எரியாதுன்னு யோசிச்சுத்தான் எங்காத்தைப் பிடிச்சா."

"என்கிட்ட ஏன் சொல்லல்லே?"

"நீ அழுவே, கொழந்தை பயப்படும், பாடம் கெட்டுப்போகும்னா. நீ ஏற்கெனவே ஒருதரம் கெடுத்தயாமே."

மீனு மூன்றாவது தோசை கேட்டாள். மாமி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் உனக்காக நான் அழுதேன். வீட்டுக்குத் திரும்பியதும், தட்டைப் பற்றிப் பேசியவள் மறுபடி ஆரம்பித்தாள். "பெத்தவதான் அனுப்பி வெச்சா" என்றேன்.

மீனுவுக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதே. சாயங்காலம் உன் பீரோவைத் திறந்து, புடவைகளில் முகத்தை வைத்து நிற்கிறாள். பிறகு அவளே சாத்திவிடுகிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. கேட்கலாமோ?

இப்போது அவளுக்குப் பதினெட்டு. பயிற்சிப் பள்ளியில் காகித உறை ஒட்டுகிறாள், ஓரம் பிசகாமல். நானும் ராத்திரி தூங்குகிறேன், மன்னி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

வியாழக்கிழமை இன்னும் அடுப்பு மூட்டுவதில்லை. பயப்படாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சீதா மாமிக்கு எழுபது. அதனால் புதிதாக ஓர் அட்டை செய்திருக்கிறேன். முக்குத் திரும்பினால் இருக்கிற தோசைக் கடையின் படம். போன வியாழக்கிழமைதான் முதல் தடவை. கடை வாசலில் விழுந்து அலறினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை.

அவள் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற வரைக்கும் வியாழக்கிழமை அந்த அடுப்பை நான் தொட மாட்டேன். இந்தத் தடவை கெடுக்க மாட்டேன், மன்னி.

உன் வாயாடி நாத்தனார்,
கோமதி