அரைக்கால் அங்குலம்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவோடு இன்று பேசவில்லை. பேசியிருந்தால் கத்தரிக்கோல் பறந்திருக்கும்.

நூலகத்தில் குழந்தைகள் அறைக்குச் சுவர் நிறையத் தொங்கவிட, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒரு குவில்ட் வேண்டுமாம். ஆர்க்கிடெக்ட் நேரில் வந்தார். எங்கள் பட்டறைக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை. "டிசைன் மட்டும் கம்ப்யூட்டர்ல வேணும், திருத்தம் சொல்ல வசதியா இருக்கும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "தங்கச்சிக்கு அதெல்லாம் வராதுங்க. பிரிண்டிங் கடைக்காரரை விட்டுப் போட்டுக் குடுத்துடறோம்."

வராதாம்! பத்தொன்பது வருடமாகப் பழுப்புத் தாளில் முழு அளவில் வரைகிறவள் நான். அதை வைத்து வெட்டித் தைக்கிறவள் அவள். இனி விசிட்டிங் கார்டுக்குப் பூப்போடுகிற ஆள் என் குவில்ட்டை வரைவார். எனக்கு இங்கே என்ன வேலை? ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கவா?

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன். ஆர்க்கிடெக்ட் கேட்ட இருபதாம் தேதிக்குள் நானே கம்ப்யூட்டரில் வரைந்து, ஒரு மாதிரித் துண்டும் தைத்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் உன் கடைக்காரரையே வைத்துக்கொள் என்று. அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றாள். அந்த சரியில் நம்பிக்கை கடுகளவுகூட இல்லை.

மார்ச் 8, சனி

மூன்று மென்பொருள்களை இறக்கிப் பார்த்தேன். எல்லாமே சில நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்கிற வகை.

முதலாவதைத் திறந்ததும் ஒரு ஊசி ஆடிக்கொண்டு வந்தது. "நீங்கள் புதியவரா?" என்று கேட்டது. யாரைப் பார்த்துக் கேட்கிறது? ஒரு சதுரம் வரைந்தேன், சபாஷ் என்று கை தட்டியது. மூடிவிட்டேன். சதுரத்துக்குக் கைதட்டு வாங்குகிற வயதா எனக்கு?

இரண்டாவது பார்க்க அழகுதான். ஆனால் அதிலேயே இருக்கும் துணிகளை மட்டும்தான் போடலாம், நம் துணியின் படத்தை ஏற்ற முடியாது. என் அலமாரியில் இல்லாத துணியில் வரைந்து என்ன செய்வது? ஆர்க்கிடெக்ட் "இதே துணி வேணும்" என்பார், நான் முழிப்பேன்.

மூன்றாவதைப் பார்த்தால் ஏதோ அலுவலகப் படிவம் மாதிரி இருக்கிறது, அவ்வளவு சாம்பல். ஆனால் என் துணியைப் படம் பிடித்துப் போட்டால் எடுத்துக்கொள்கிறது. துண்டுகளை நிஜ அளவில் அச்சடித்தும் தருகிறது. பாராட்டவே இல்லை. இதுதான் சரி.

மார்ச் 11, செவ்வாய்

சனியன். முக்கோணத்தைத் திருப்பச் சொன்னால் மொத்தக் குவில்ட்டும் திரும்புகிறது. மூன்று மணி நேரத்தில் பழுப்புத் தாளில் நாலு குவில்ட் வரைந்திருப்பேன்.

இதில் உருப்படியான ஒன்று, செய்ததை அழித்துப் பழையபடி ஆக்கும் பொத்தான். வாயால் சொன்னதற்கும் அப்படி ஒன்று இருக்கலாம். இருந்தாலும் நான் அழுத்த மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

திரும்பியது. ஒரே ஒரு முக்கோணம், நான் சொன்ன பக்கம்! அக்காவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, வாயா தேய்ந்துவிடும்?

மார்ச் 17, திங்கள்

மாதிரித் துண்டை வரைந்து முடித்து அச்சடித்தேன். மேல் வரிசையில் எட்டுச் சின்னச் சதுரம், கீழ் வரிசையில் நாலு பெரிய சதுரம். தாள்களைக் கத்தரித்து மேஜையில் வைத்தேன். அக்கா எடுத்துக்கொண்டு போய்த் துணி மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினாள்.

மார்ச் 18, செவ்வாய்

பொருந்தவில்லை.

மேல் வரிசை கீழ் வரிசையைவிட அரை அங்குலம் நீளம். பிரித்துத் தைத்தும் அதேதான். அக்கா இரண்டையும் மேஜையில் நீட்டி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டாள். 'பார்த்தியா' என்று அவள் சொல்லவில்லை, சொல்லாததுதான் எரிகிறது. நாளைக் கழித்து இருபதாம் தேதி.

மார்ச் 19, புதன்

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் ரொம்ப மரியாதை. ஒரு அங்குலச் சதுரம் ஒன்றை அச்சடித்து ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னாள். என் மர ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம், எட்டில் ஒரு பங்கு, அதிகம். வந்ததே கோபம்.

"பாத்தீங்களா? உங்க சாஃப்ட்வேர்தான் பெரிசா அடிக்குது! என் நாலு நாள் போச்சு, துணி போச்சு, மானம் போச்சு!"

"மேடம், வேற ஸ்கேல் ஏதாவது இருக்குங்களா?"

"என் ஸ்கேல் தப்புன்னு சொல்றியா நீ? நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் இதுல வரையறேன்!"

வைத்துவிட்டேன்.

பிறகு அக்காவின் டேப்பை எடுத்து அளந்தேன், அந்தப் பெண்ணின் மூக்கை உடைக்கத்தான். சரியாக ஒரு அங்குலம். இன்னொரு முறை அளந்தேன். ஒரு அங்குலம்தான்.

மர ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தேன். முனை தேய்ந்து வட்டமாகிக் கிடக்கிறது. முதல் அரைக்கால் அங்குலமே இல்லை. வாங்கியபோதே பழையது. நான் எப்போதும் முனையிலிருந்துதான் அளப்பேன். அப்படியென்றால் நான் வரைந்த ஒவ்வொரு துண்டும் அரைக்கால் அங்குலம் குறைவு. பிறகு எப்படி எல்லாக் குவில்ட்டும் பொருந்தியது?

மார்ச் 20, வியாழன்

கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "கோட்டு மேல வெட்டத் தெரியாதா உனக்கு?"

அக்கா பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். "தெரியும். உன் பேப்பரை வெச்சா மட்டும் கோட்டுக்கு வெளியே ஒரு இழை விட்டு வெட்டுவேன், நாலு பக்கமும். கை அப்படியே பழகிப்போச்சு. இந்த பிரிண்ட் சரியா இருந்திருக்கு, எனக்குத் தெரியல. துண்டுக்குத் துண்டு கூடி, எட்டுத் துண்டு வரிசை நாலு துண்டு வரிசையைவிட நீண்டுடுச்சு."

"எப்போலேருந்து?"

"நம்ம மூணாவது குவில்ட்லேருந்து. முதல் ரெண்டையும் பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சுதான் பொருத்தினேன்."

"ஏன்டி சொல்லல?" — அக்காவை 'டி' போட்டுப் பேசினேன், அவள் கண்டுகொள்ளவில்லை.

"சொன்னேனே. ஒரு தடவை. நாலு மாசம் நீ என்கூட பேசல."

அந்த நாலு மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் வரைவை அவள் குறை சொல்லி அவமானப்படுத்தினாள் என்றுதான் ஞாபகம். என்ன குறை என்பதை மறந்தே போயிருக்கிறேன்.

அப்புறம் அவளே சொன்னாள். "உனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு சொன்னது சும்மா சாக்கு. அவரு ஆயிரம் திருத்தம் சொல்லுவாரு. நீ ஒண்ணுக்கே சண்டைக்குப் போவ. வேலையும் போகும், நீயும் மனசு ஒடிஞ்சு படுத்துக்குவ. அதான்."

எனக்கு இன்னும் கோபம்தான். யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒரு நாள் தவணை கேட்டு ஆர்க்கிடெக்டுக்கு நேற்றே போன் செய்துவிட்டேன். அக்கா கோட்டு மேல் வெட்டினாள். பொருந்திவிட்டது. உதவி எண்ணுக்கும் போன் செய்தேன், எடுத்தது வேறு யாரோ. மன்னிப்பைச் சொல்லிவிட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

வேலை எங்களுக்குத்தான். டிசைன் நான். ஆர்க்கிடெக்ட் பதினோரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். பதினொன்று! பத்தைச் செய்தேன். ஒன்று முடியாது என்று எழுதினேன், காரணத்தோடு, திட்டாமல். மூன்று முறை எழுதி அழித்த பிறகு.

ஏப்ரல் 3, வியாழன்

ஓரப் பட்டையை வரைந்துகொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். டம்ளரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நீலம் நல்லா இல்ல."

காது சூடாகிவிட்டது. அந்த நீலத்துக்கு அலமாரி முழுக்கக் கவிழ்த்துப் போட்டுத் தேடியிருந்தேன். பதில் நுனி நாக்கு வரை வந்தது. அவளும் அதற்குத் தயாராக ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

அந்த ஒரு அடியைப் பார்த்தேன்.

"எந்த நீலம்?" என்று கேட்டேன். அவள் உடனே நம்பவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.