கூரைத் தெருவில் ஒரு ஓட்டு

சேலம்,
12-7-1936

அன்புத் தங்கை பாஞ்சாலிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். மாப்பிள்ளை மாதுவும் மருமகள் காசியும் சுகம்தானே? வருகிற மாசியில் தேர்தல். இப்போதே கட்சி வேலை கழுத்தை நெரிக்கிறது. நீ பள்ளிக்கூடம் போனது வீண் போகவில்லை. வரி கட்டாவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு உண்டாம். அரூர் தாலுகா கச்சேரியில் ஒரு மனு எழுதிக் கொடு. எனக்காகச் செய்.

தீர்த்தகிரி

பாப்பிரெட்டிப்பட்டி,
2-8-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மழைதான் ஏமாற்றிவிட்டது. உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஓட்டா? நம்முளுது கூரை வூடு. ஓட்டுக்கு எங்க போறது?" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு விளக்கிச் சொன்னேன். "அப்பவும் நான் சொன்னதுதான். ஓட்டு வூட்டுக்காரங்களுக்குத்தான் ஓட்டு. எவன் ஜெயிச்சாலும் அடுத்தவன் கிணத்துல தண்ணி எறைக்க நாந்தான் மாடு கட்டிக் கவலை ஓட்டணும்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

எனக்கு வேண்டியது வேறு. மாசியோடு காசிக்கு மூன்று வயது முடிகிறது. அதற்குள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியாக வேண்டும். போன தையில் மாநாடு என்றீர்கள். வைகாசியில் ஊர்வலம் என்றீர்கள். மாமன் இருந்தும் இல்லாத பிள்ளை என்று ஊர் பேசுகிறது அண்ணா. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

தங்கை பாஞ்சாலி

சேலம்,
10-1-1937

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம்தான். தை கடைசி வெள்ளிக்கிழமை கட்சிக் காரில் உங்கள் ஊருக்கே ஓட்டுக் கேட்க வருகிறேன். அன்றே காது குத்திவிடலாம். கம்மல் வாங்கிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல், நாங்கள் ஜெயித்தால் கூரைக்கும் ஓட்டு வரும். மனு கொடுத்தாயா என்று நீ எழுதவே இல்லையே? போகட்டும். குழந்தையைத் தயாராக வை.

தீர்த்தகிரி

பாப்பிரெட்டிப்பட்டி,
22-2-1937

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை காசிக்குத் தலைக்கு ஊற்றி, ஆசாரியை உட்காரவைத்து, பச்சரிசியும் வெல்லமும் கலந்து வைத்துக் காத்திருந்தோம். கார் வந்தது. ஓட்டு வீட்டுத் தெருவில் வெகுநேரம் நின்றது. எங்கள் தெருமுனைக்கு வந்தபோது காசி "மாமா" என்று கத்திக்கொண்டே ஓடினாள். உங்கள் பக்கத்தில் இருந்தவர் சொன்னது எனக்கும் கேட்டது. "அங்க கூரை வூடுங்கதானுங்க. ஓட்டு ஒண்ணுங்கூட இல்லீங்க. இருட்டறதுக்குள்ள பொம்மிடி போயிரணும்." நீங்கள் கையை ஆட்டி, அப்புறம் வருகிறேன் என்றீர்கள். கார் போய்விட்டது.

அவர் சொன்னது தப்பு அண்ணா. இந்தத் தெருவில் ஒரு ஓட்டு இருந்தது. ஆவணியிலேயே கூலியை விட்டுவிட்டு அரூருக்கு நடந்துபோய் மனுக் கொடுத்துவிட்டேன். கட்சி எனக்கு என்ன தெரியும்? நீங்கள் கேட்டீர்கள், கொடுத்தேன். காசியை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

தேர்தல் அன்று பட்டியலில் பெயர் பார்த்துவிட்டு ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். "வூட்டுல விசேஷமுங்க, வர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்குத்தான் காசிக்குக் காது குத்தினோம். அவள் அப்பன் மடியில் உட்கார்ந்தாள். ரொம்ப அழுதாள்.

இப்போதைக்கு வேப்பங்குச்சி போட்டிருக்கிறோம். கம்மலை அனுப்ப வேண்டாம். ஜெயித்தது யார் என்றும் எழுத வேண்டாம்.

பாஞ்சாலி