நன்றி சொன்ன வரி

அன்புள்ளவனுக்கு,

நீ படகை எடுத்துக்கொண்டு லோஃபோட்டன் தீவுகளுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. நான் வேலைக்குப் போகிறேன். சாப்பிடுகிறேன்.

நேற்று நூலகத்துக்கு எஸ்கில் என்றொரு மாணவன் வந்தான். குளிர்க்கடல் மீன்களின் ரத்தப் புரதம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் எப்படி மாறிவந்தது என்பது பற்றி ஆய்வுக் கட்டுரைகள் தேடித் தரச் சொன்னான். ‘மூலக்கூறு பரிணாமம்’ என்று கணினியில் தட்டி, மீனின் பெயரையும் சேர்த்தேன். நாற்பது கட்டுரைகள் வந்தன. மூன்றாவது நம் தூர்டிஸ் எழுதியது. ஜனவரியில் வெளியாகியிருக்கிறது. அவள் பெயருக்குப் பக்கத்தில், இறந்தவர்களுக்குப் போடும் சின்னச் சிலுவைக் குறி.

அவன் அதைக் கவனிக்கவில்லை. “இதேதாங்க வேணும்! இவங்களுக்கு எழுதிக் கேட்டா பதில் போடுவாங்களா?”

“போடமாட்டா,” என்றேன். “நிதானமாப் படிச்சுப் பாரு. எல்லாம் அதுலயே இருக்கும்.”

அவன் போனபின் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். பாதி புரியவில்லை. அழுகையும் வரவில்லை.

அவள் உன்மேல் இருந்த கோபத்தோடேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுத்தானே நீ கிளம்பினாய்? கடைசிப் பக்கத்தில், தன் பேராசிரியருக்கும் முன்னால், இப்படி நன்றி எழுதியிருக்கிறாள்: “என்னோடு பேசாமல் இருந்த குளிர்காலத்திலும், வாரம் தவறாமல் மீன் ரத்தக் குப்பிகளை என் வாசலில் வைத்துவிட்டுப் போன அப்பாவுக்கு.”

நீ அப்படிச் செய்தது எனக்கே தெரியாது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து பொடிசு, கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

அவளுடைய அம்மா