என் கையால் சீவியது

மார்ச் 4, புதன்

காலையில் என் வீட்டுக்காரர் கழுத்திலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிது. இருபது வருஷமாக சலூன் வைத்து ஊரார் கழுத்தையெல்லாம் பார்க்கிற மனுஷன், தன் கழுத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். "உனக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று அன்றைக்கே கிண்டல்.

கட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. என்ன நோய் என்று சொல்வது பெரிய டாக்டர் வேலை. சொந்தக்காரர்களுடையது வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

தெரியும். நன்றாகவே தெரியும்.

மார்ச் 5, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிதானத்திடம் போய்விடும். நிதானம் என்பது பக்கத்து மேசைக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். நான் நாற்பது சீவுவதற்குள் அவர் பதினைந்து சீவுவார், நடுவில் ரெண்டு டீ. அந்தக் கையிலா என் வீட்டுக்காரருடையதைக் கொடுப்பேன்?

காலையில் கும்பிட்டேன். என் கை நடுங்கக் கூடாது, மெழுகு நொறுங்கக் கூடாது, டாக்டர் லீவு போடக் கூடாது, ரிசல்ட் நல்லதாக வர வேண்டும். முடித்த பிறகுதான் உறைத்தது – இது வேண்டுதலா, கடவுளுக்குக் கொடுத்த வேலைப் பட்டியலா?

மார்ச் 6, வெள்ளி

பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒரே கருநீலம். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக. இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையில் இருந்து எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். பயப்படுகிற அளவுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

ஸ்லைடைத் தட்டில் கடைசியில் வைத்தேன். டாக்டர் திங்கட்கிழமைதான் பார்ப்பார். கடவுளே, கடவுளே, கடவுளே.

மார்ச் 7, சனி

இனிமேல் என்னவென்று வேண்டுவது? கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது. கடவுள் வந்து அதிலிருக்கிற செல்லை மாற்றிவைப்பாரா? மாற்றமாட்டார் என்றால் எதற்குக் கும்பிடுகிறேன்? மாற்றுவார் என்றால் முதலிலேயே ஏன் வர விட்டார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

"அம்மா, பால் பொங்கி வழியுது. பாத்துக்கிட்டே நிக்கிறியே!" என்று மகள் கத்தினாள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் கழுத்தில் கட்டோடு உட்கார்ந்து கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்லைடைப் பார்த்ததைச் சொல்லவில்லை. பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு. இல்லாம எப்படி?" என்றவர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, "முன்னபின்ன தெரியாதவங்க கடைக்கு வர்றாங்க. நான் சவரக்கத்திய எடுக்குறேன். தலையச் சாய்ச்சு கழுத்தக் கொடுக்குறாங்க. என்னையே அவ்வளவு நம்புறாங்க, நான் கடவுள நம்ப மாட்டேனா?" என்றார்.

"உங்க கத்தி யார் மேலயும் பட்டதே இல்லையாக்கும்?"

"பட்டிருக்கு." சிரித்தார். "அதுக்குத்தான் படிகாரம் வெச்சிருக்கேன்."

இது ஒரு பதிலா? பட்டாலும் நம்புவது என்றால் அதற்குப் பெயர் என்ன? ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

கடவுளே என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

பெரிய டாக்டர் ஸ்லைடைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். "இத யாரு சீவினது?"

"நான்தான் டாக்டர்."

"நீங்களா? இவ்வளவு தடியா இருக்கு? ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எல்லாம் கறுப்பாத் தெரியுது. இத வெச்சு நான் என்னத்தச் சொல்ல?"

அப்போதுதான் நினைவு வந்தது. சீவும்போது பிய்ந்துவிடுமோ என்று பயந்து, கனத்தை ஒரு படி கூட்டினேன். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யமாட்டார்கள். அப்படியானால் மூன்று நாளாக நான் பார்த்து நடுங்கியது நோயை இல்லையா? என் பயத்தையா? இல்லை, அதற்கடியில் நோயும் இருக்கிறதா?

"அது என் வீட்டுக்காரரோடது டாக்டர்." வாய் முந்திக்கொண்டது.

அவர் திட்டவில்லை. "அப்புறம் அது உங்க கையில ஏன் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மெழுகுக் கட்டியை நிதானத்திடம் நீட்டினேன். விரல் விட மாட்டேனென்றது. "குடுங்கம்மா, எங்க போயிடப் போகுது" என்று வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நிற்கட்டுமா என்றேன். "வேண்டாம். நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது. போய் டீ குடிங்க."

போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை நின்ற பிறகு கடவுளிடம் சொன்னேன்: அதில் என்ன இருக்கிறதென்று உனக்கு முதலிலிருந்தே தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கிறேன். நீ அவரைப் பிடித்துக்கொள், என்னையும் பிடித்துக்கொள்.

பாதிப் படி இறங்கியபோதுதான் நல்ல ரிசல்ட் கொடு என்று கேட்க மறந்தது தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

அவருடைய ஸ்லைடு ரெண்டு மேசை தள்ளித்தான் இருந்தது. பார்க்கவில்லை. ரெண்டு தரம் எழுந்தேன், ரெண்டு தரமும் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நோய் இருக்கிறது. நெறிக்கட்டில் வருகிற புற்றுநோய்.

"மருந்துக்கு அடங்குற வகைம்மா. ஆறு தடவை ஏத்தணும். புது ஸ்லைடு தெளிவா இருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் சொல்ல முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

இதைக் கேட்டால் இடிந்து விழுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். விழவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் கீழே தரை மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. அதுதான் நம்பிக்கையா, இல்லை வெறும் அசதியா? நல்லதே நடக்கும் என்று நினைப்பதுதான் நம்பிக்கை என்று இதுவரை நினைத்திருந்தேன். நல்லது நடக்கவில்லையே. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

வீட்டில் சொன்னேன். "முடி கொட்டுமா?" என்றார். கொட்டும் என்றேன். "சரியாப் போச்சு. மொட்டத்தலையன்கிட்ட முடிவெட்ட எவன் வருவான்?" சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அப்புறம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றார். கல்யாணமாகி முதல் தடவையாக அவர் அழுது பார்க்கிறேன்.

"எனக்குந்தான். இருக்கட்டும். நம்மள விட்டுற மாட்டாரு" என்றேன். நானா சொன்னேன்?

மார்ச் 30, திங்கள்

முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். அரை மணிக்கு ஒரு தரம் குறித்துவைப்பதற்காக ஒரு நோட்டு கொண்டுபோயிருந்தேன். சொட்டு எப்படி விழுகிறது, காய்ச்சல் உண்டா, நர்சு எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் எழுதுவதாகத் திட்டம். 9.40, ஆரம்பம் என்று எழுதினேன்.

"அம்மா, எழுந்திரிங்க. முடிஞ்சுது" என்று நர்சு தோளைத் தட்டினார். மணி ஒன்றே கால். தலை அவர் கட்டில் ஓரத்தில், கை அவர் கைமேல். பகலில் கண்ணை மூடுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. என்ன ஆயிற்று எனக்கு?

"மருந்து யாருக்குன்னு நர்சு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க" என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது. பிஸ்கட் கேட்டார், கொடுத்தேன்.

நோட்டில் 9.40க்குக் கீழே ஒன்றும் இல்லை. நிரப்பவும் தோன்றவில்லை.